வெளியே எதுவும் போகவில்லை

கட்டுப்பாட்டு அறைக் குரல்பதிவு. பேசுபவர் சங்கரவடிவு, ஆற்றல் மேலாண்மைப் பொறுப்பாளர். உள்தொடர்புப் பெட்டியில் வரும் பேச்சு தானாகவே இதில் சேரும்.

முதல் நாள், காலை 6.10

வெளி வெப்பம் முப்பத்தெட்டு பாகை. உள்ளே இருபத்தேழு. கூரைக்குள் கரியமிலவாயு 520 பிபிஎம். அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் ஐந்நூற்று இருபது பங்கு. வெளியே கரிசல்காட்டிலும் ஏறக்குறைய இதே அளவுதான். எல்லை உணரிகள் எல்லாம் வேலை செய்கின்றன. உமிழ்வு பூஜ்ஜியம்.

சற்றுமுன் வளாகம் முழுவதையும் மூடும் கண்ணாடிக் கூரையின் கடைசி மூடியையும் வாசற்கதவுகளையும் அடைத்து முத்திரை வைத்தார்கள். கைதட்டல் கேட்டது. நாளை மறுநாள் மாலை ஆறு மணிவரை ஒருவரும் வெளியே போகவோ உள்ளே வரவோ கூடாது. பசுமைத் தரச்சான்றுக் குழு மதிலுக்கு வெளியே விருந்தினர் மாளிகையில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பதிவை யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. கேட்டால், அவர்களுக்காக: இது கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல்காட்டில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரி. பெயரை நான் சொல்ல மாட்டேன். வாசலில் நாலு ஆள் உயரத்துக்கு எழுதி, எழுத்துக்குள் விளக்கும் போட்டிருக்கிறார்கள். அந்த விளக்கு இரவும் பகலும் எரிகிறது. அதற்குக் கீழே ‘மின்சாரம் சேமிப்போம், பூமியைக் காப்போம்’ என்று இன்னொரு பலகை. அதுவும் எரிகிறது.

முதல் நாள், காலை 11.30

கரியமிலவாயு 2,300. உமிழ்வு பூஜ்ஜியம்.

விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வளாகத்தின் உமிழ்வு என்பது அதன் எல்லையைத் தாண்டி வெளியே போகும் வாயு. உமிழ்வைக் குறைக்கப் பல வழிகள் உண்டு. சூரியத் தகடுகளைத் துடைத்து வைக்கலாம். பழைய குளிர்விப்பான்களை மாற்றலாம். ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்கலாம். நான்கு வருடங்களுக்கு முன் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது இவற்றையெல்லாம் எழுதித் தாளாளர் தனுஷ்கோடியிடம் கொடுத்தேன். அவர் ஒரு பக்கம் படித்தார். பிறகு தன் மைத்துனரைக் கூப்பிட்டு வளாகம் முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போடச் சொன்னார். எல்லைக்கு வெளியே எதுவும் போகாவிட்டால் உமிழ்வே இல்லை. இவ்வளவு எளிய விஷயம் என் மூளைக்கு எட்டவில்லை.

கூரையில் பதித்த சூரியத் தகடுகள் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம்தான் தருகின்றன. கரிசல் புழுதியைக் கழுவ ஆள் போடவில்லை. மீதியைச் சாண எரிவாயு என்ஜின் தருகிறது. அது நூலகத்துக்குக் கீழே நிலவறையில் ஓடுகிறது. அதன் புகைக்குழாய் எங்கே திறக்கிறது என்று கேளுங்கள். கூரைக்குள்ளே. வெளியே திறந்தால் அது உமிழ்வாகிவிடுமே.

இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர்கள், என்ஜின், சமையற்கூடம். எல்லாம் ஒரே பாட்டிலுக்குள். மூடி இறுக்கமாக இருக்கிறது. அதை மட்டும் மைத்துனர் ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

முதல் நாள், மாலை 4.45

கரியமிலவாயு 4,600.

இந்தக் காற்றைச் சுத்தம் செய்ய ஆறு உறிஞ்சி இயந்திரங்கள் இருக்கின்றன. கூரையோடு அவற்றையும் வாங்க வைத்தது நான்தான். அதற்காகக் கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை கட்டியது. மதியம் மூன்று மணிக்கு ஆறும் நின்றன. பழுது என்று நினைத்தேன். பழுதில்லை. முதல்வர் வேதமாணிக்கம் அணைக்கச் சொல்லியிருக்கிறார்.

உள்தொடர்பு, முதல்வர் அறை:

“மேடம், உமிழ்வுக்கு ஐம்பது மார்க்கு, மின் சிக்கனத்துக்கு ஐம்பது மார்க்கு. அந்த ஆறு மிஷினும் ஓடினா சிக்கனத்துல பதினெட்டு மார்க்கு போயிருது. நீங்களே கணக்குப் பாருங்க.”

“சார், அது காத்தைச் சுத்தம் பண்ற மிஷின். அதை நிறுத்திட்டு எதைச் சிக்கனம் பண்றீங்க? மூச்சையா?”

“மூணு நாள்தானே மேடம். பிள்ளைங்க யோகா எல்லாம் பண்றாங்க. சமாளிச்சிருவாங்க.”

முதல்வர் இயற்பியலில் முனைவர். இதையும் பதிவு செய்கிறேன். யாரும் நம்பாமல் போகக்கூடாது.

இரண்டாம் நாள், காலை 7.30

கரியமிலவாயு 12,400. தலைவலி. நாக்கு உலர்ந்திருக்கிறது. நடந்தால் மூச்சு கொஞ்சம் இளைக்கிறது.

இந்தக் கல்லூரிக்கு வருமுன் பதினோரு வருடம் ஆழ்கடல் ஆய்வுக் கலத்தில் காற்று பார்த்தவள் நான். கடலுக்கடியில் உறிஞ்சி கெட்டுப்போய், இருபதாயிரத்தில் ஏழெட்டுப் பேர் நாள்கணக்கில் கிடந்திருக்கிறோம். செத்துவிடவில்லை. தலை பிளந்தது, ஒருவரையொருவர் கடித்துக் குதறினோம், அவ்வளவுதான். இந்த வேகத்தில் போனால் நாளை மாலை ஆறு மணிக்கு 35,000 வரும். நரகம். ஆனால் உயிர் போகாது. மயங்கி விழுவார்கள், வாந்தி எடுப்பார்கள், கூரை திறந்ததும் எழுந்துகொள்வார்கள். ஒருவகையில் இந்த வளாகத்துக்கு இப்படி ஒரு தலைவலி தேவைதான் என்றுகூட நினைக்கிறேன்.

உள்தொடர்பு, பெண்கள் விடுதி. காப்பாளர் ஜன்னத் பீவி:

“மேடம், பாதிப் பிள்ளைங்க எந்திரிக்கவே இல்ல. தலைய வலிக்குதுங்கா, நெஞ்சு அடைக்குதுங்கா. பிரின்சிபாலுக்குப் போன் போட்டேன். வெயில் சூடு, மோர் குடுங்கன்னாரு. நான் மோர் குடுக்கட்டா, வேற என்னமும் செய்யட்டா?”

“எல்லாரையும் மாடிக்கு ஏத்துங்க ஜன்னத். தரையில படுக்க வேண்டாம். ஓடுறது, ஆடுறது, யோகா, எதுவும் வேண்டாம்.”

“மோரு?”

“மோரும் குடுங்க.”

இந்த வளாகத்தில் என்னிடம் கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டு, அதன்படி செய்யும் ஒரே ஜீவன் ஜன்னத் பீவி. சம்பளம் மற்ற யாரையும்விடக் குறைவு. வியப்பில்லை.

இரண்டாம் நாள், மதியம் 1.15

கரியமிலவாயு 15,900. உமிழ்வு பூஜ்ஜியம். ஒவ்வொரு முறையும் அந்த பூஜ்ஜியத்தைச் சொல்ல வாய் கூசுகிறது.

உள்தொடர்பு, வேதியியல் ஆய்வகம்:

“மேடம், நான் தமயந்தி. ஃபைனல் இயர் கெமிக்கல். இங்க லேப் மீட்டர்ல பதினாறாயிரம் காட்டுது. மீட்டர் ரிப்பேரா, இல்ல நாங்களா?”

இரண்டு நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது அப்போதுதான். மீட்டர் சரியாக இருக்கிறது என்றேன். உறிஞ்சிகளை நிறுத்தியதைச் சொன்னேன். என்ஜின் புகையைச் சொன்னேன். நாளை எவ்வளவு வரும் என்பதையும் மறைக்கவில்லை.

“அப்ப சாக மாட்டோம்ல மேடம்?”

“மாட்டீங்க. ஆனா ரொம்பக் கஷ்டப்படுவீங்க.”

“அப்ப சரி மேடம். எனக்கு வேலை ஆர்டர் வந்திருச்சு. பசுமைச் சான்று இருக்கிற காலேஜ் டிகிரிதான் வேணும்னு போட்டிருக்கான். இது ஃபெயிலானா நாலு வருஷமும் போச்சு. என் ரூம்ல எல்லாருக்கும் அதே கதைதான். நாங்க தாங்கிக்கிடுவோம்.”

அறிவுள்ள பெண். மீட்டரைப் பார்க்கத் தெரிகிறது, சந்தேகப்படத் தெரிகிறது. அந்த அறிவை வைத்துக்கொண்டு எவ்வளவு விஷம் குடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறாள். இதைத்தான் நாங்கள் நாலு வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

பிறகு தாளாளரை அழைத்தேன். அவர் மதிலுக்கு வெளியே குழுவோடு மாளிகையில் இருக்கிறார். பின்னணியில் தட்டுச் சத்தம் கேட்டது.

“என்னம்மா வடிவு, நல்ல நேரத்துல கூப்பிடுத. பிள்ளைங்க ரொம்ப அமைதியா இருக்காங்களாமே. சாரநாதன் சாரு கேமராவுல பாத்துட்டு, இம்புட்டு ஒழுக்கமான காலேஜ நான் பாத்ததே இல்லங்காரு.”

“ஐயா, அது ஒழுக்கம் இல்ல. மயக்கம். உறிஞ்சிய ஓட விடுங்க, இல்ல கூரையத் திறங்க.”

“தெறக்கவா! எம்புட்டுச் செலவழிச்சிருக்கேன் தெரியுமா? ஒனக்கு ஒடம்புக்கு முடியல போல. செத்த நேரம் படும்மா.”

சாரநாதன் தரச்சான்றுக் குழுவின் தலைவர். சென்னையிலிருந்து வந்திருக்கிறார்.

இரண்டாம் நாள், மாலை 5.40

கரியமிலவாயு 18,800.

உறிஞ்சிகளை நானே இங்கிருந்து ஓடவிடப் பார்த்தேன். கணினி என் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மாற்றிவிட்டார்கள். இனி நான் பார்க்கலாம், தொட முடியாது. இந்தக் கட்டுப்பாட்டு அறை இருக்கும் கோபுரத்தின் கீழ்க்கதவையும் வெளியே பூட்டியிருக்கிறார்கள். படியிறங்கிப் போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு ஏறி வந்தேன். மேலே வந்தபோது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. ‘மேடம் ஓய்வெடுக்கட்டும்’ என்று முதல்வர் உத்தரவாம். சாப்பாடு கயிற்றில் கட்டி மேலே வந்தது. தயிர்சாதம், ஊறுகாய். சிறை என்றாலும் உபசாரத்தில் குறை வைக்கவில்லை.

தீயணைப்புத் துறைக்கு அழைத்தேன். மனிதர் எடுக்கவில்லை. பதிவுக் குரல்:

“தாங்கள் அழைக்கும் வளாகம் தற்போது தரச்சான்று ஆய்வில் உள்ளது. ஆய்வுக் காலத்தில் வளாகம் பாதுகாப்பானது என்று உறுதி செய்யப்பட்டுள்ளது. அழைத்தமைக்கு நன்றி.”

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் நன்றி சொன்னது.

மூன்றாம் நாள், காலை 8.00

கரியமிலவாயு 27,300. தலைக்குள் யாரோ தகரத்தை இழுக்கிறார்கள். வாக்கியம் பாதியில் நின்றுபோகிறது. நிறுத்தி, யோசித்து, மறுபடி தொடங்குகிறேன். வெட்டாமல் அப்படியே இருக்கட்டும்.

இன்னும் பத்து மணி நேரம். கணக்கு மாறவில்லை. யாரும் சாக மாட்டார்கள். நினைத்துக்கொண்டே... என்ன சொல்ல வந்தேன். ஆம். ஒலிபெருக்கி.

வளாக ஒலிபெருக்கி, முதல்வர்:

“அன்பு மாணவர்களே. இன்று கடைசி நாள். நமது கல்லூரி... நமது கல்லூரி சாதனை படைக்கப் போகிறது. மின்சாரச் சிக்கனத்துக்காக முதல் வீட்டு... முதலாண்டு முதல் பிரிவு மாணவர்களின் சுற்றுச்சூழல் அறிவியல் தேர்வு நிலவறை மண்டபத்தில் நடைபெறும். அங்கே இயற்கையாகவே குளிர்ச்சி. குளிர்விப்பான் தேவையில்லை. கதவுகளை நன்றாகச் சாத்திவைக்கவும். நன்றி. நமது கல்லூரி சாதனை படைக்கப் போகிறது.”

நிலவறை மண்டபம் என்ஜின் அறைக்கு அடுத்தது. நடுவில் ஒரு பலகைச் சுவர். மின்விசிறிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். எட்டாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில்.

முதல்வரை ஆறு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. தாளாளர் எடுத்தார். “இன்னமும் தூங்கலியா நீ?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

என் கணக்கில் இது இல்லை. மேலே மாடியில் படுத்திருப்பவர்களுக்குத்தான் என் கணக்கு.

மூன்றாம் நாள், காலை 10.50

நிலவறை உணரி 50,000. அதற்கு மேல் அதற்குக் காட்டத் தெரியாது. மலிவான உணரி. எவ்வளவு என்று தெரியவில்லை.

உள்தொடர்பு, நிலவறை மண்டபம். தேர்வுக் கண்காணிப்பாளர், உதவிப் பேராசிரியர் எபனேசர்:

“மேடம், எபனேசர் பேசறேன். இங்க ஒரு... ஒரு மாதிரி இருக்கு. ரெண்டு பையன் பேப்பர் மேலயே தலையக் கவுத்துட்டான். எனக்கும் படபடன்னு அடிக்குது. கதவைத் திறக்கலாமா?”

“எபனேசர், உடனே எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க. இப்பவே. பேப்பர வாங்காதீங்க. எழுப்பி, இழுத்துட்டு மேல ஏறுங்க.”

“சரி மேடம். பிரின்சிபால் சாருக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு...”

“அவரு எடுக்க மாட்டாரு. நீங்க ஏறுங்க.”

“கதவைச் சாத்தி வைக்கச் சொல்லியிருக்காரே மேடம். ஒரு வார்த்தை கேட்டுக்கிடறேன். ஒரே நிமிஷம்.”

எபனேசரை எனக்குத் தெரியும். பணிவானவர். பதினாறு வருட வேலையில் ஒரு முறைகூட எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. அதற்காகப் போன வருடம் விருது கொடுத்தார்கள். நான் பின்வரிசையில் இருந்து பல்லைக் கடித்தேன்.

மூன்றாம் நாள், காலை 11.25

நிலவறை இணைப்பு திறந்தே இருக்கிறது. அவர் வைக்க மறந்துவிட்டார். கேட்கிறது.

“...இருபத்தி மூணு. சுடலைமணி. சுடலைமணி? சரி. இருபத்தி நாலு. சு... சுகந்தி. இருக்கியாம்மா. இருக்கா. இருபத்தி... மூணு. சுடலைமணி...”

வருகைப் பதிவு எடுக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். கத்தினேன். எபனேசர், எபனேசர் என்று கத்தினேன். “சத்தம் போடாதீங்கப்பா, எக்ஸாம் நடக்குது” என்றார்.

ஜன்னத்தை அழைத்து நிலவறைக்கு ஓடச் சொன்னேன். போனாள். படிவாசலில் இறங்கும்போதே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டதாகத் திரும்பிப் போய் உள்தொடர்பில் சொன்னாள். அழுதாள். “உள்ள மூச்சே நிக்கி மேடம், என்னால ஆகல.”

போதும்.

மூன்றாம் நாள், காலை 11.40

கோபுர உச்சியில், இந்த அறைக்கு மேலே, கைச்சக்கரம் ஒன்று இருக்கிறது. தீ விபத்துக்காகச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அதைச் சுற்றினால் உச்சி மூடியும் மதிலோரப் பலகணிகளும் சேர்ந்து திறக்கும். திறந்த கணமே என்ஜின் நிற்கும். மின்சாரம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். அதற்குச் சங்கிலி போட்டு முத்திரை வைத்திருக்கிறார்கள். முத்திரையை உடைத்தால் சான்று போச்சு.

குழாய்களை இறுக்கும் இரும்புத் திருகி ஒன்று இருக்கிறது. கனமானது. எடுத்துக்கொண்டேன். பதிவுக் கருவி சட்டைப்பையில். ஏணி. பிடி. ஏறு. பிடி. மூச்சு வரவில்லை. நடுவில் நின்றேன். எதற்கு ஏறுகிறேன் என்று மறந்துபோனது. திருகியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. இவர்களுக்காக ஏறவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். அந்த முதல்வருக்காக இல்லை, அந்தத் தாளாளருக்காக இல்லை, தாங்கிக்கொள்வோம் என்றவர்களுக்காகக்கூட இல்லை. சுகந்தி இருக்கிறாளா என்று ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அதற்காக.

சங்கிலி. அடி. அறுபடவில்லை. அடி.

அடி.

மூன்றாம் நாள், மதியம் 12.05

திறந்துவிட்டது.

சக்கரம் முதலில் அசையவில்லை. மேலே ஏறி நின்று என் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினேன். கிறீச்சென்று இளகியது. உச்சி மூடி விரிந்தது. கீழே மதிலைச் சுற்றிப் பலகணிகள் வரிசையாகத் திறந்தன. என்ஜின் நின்றது. வெந்த காற்று என் முகத்தில் மோதி மேலே பாய்கிறது. கீழிருந்து வெயில் காற்று உள்ளே நுழைகிறது. நாற்பத்தாறு பாகை. புழுதி. கருவேலம்பூ வாசம். நாலு மூச்சு இழுத்தேன். ஐந்தாவது மூச்சில் அழுகை வந்தது. உடம்பின் வேலை அது, எனக்குச் சம்பந்தமில்லை.

உமிழ்வு மீட்டர்: சிவப்பு. எண் ஓடுகிறது. மூன்று நாளும் மூடி வைத்த எல்லாம் வெளியே போகிறது. முதல் முறையாக அந்த மீட்டர் உண்மை பேசுகிறது.

மறுபடி கட்டுப்பாட்டு அறைக்கு இறங்கிவிட்டேன். கதவை உள்ளே தாழிட்டிருக்கிறேன். சக்கரத்துக்கு வழி இந்த அறைதான்.

மூன்றாம் நாள், மதியம் 12.15

உள்தொடர்பு, விருந்தினர் மாளிகை. சாரநாதன்:

“சங்கரவடிவு மேடம், வணக்கம். ஒரு உமிழ்வு பதிவாயிருக்கு. பதட்டப்பட வேண்டாம். கால் மணி நேரத்துக்குள்ள மூடிட்டீங்கன்னா, கருவிக் கோளாறுன்னு ரிப்போர்ட்ல போட்டுக்கலாம். எங்களுக்கும் அதுதான் வசதி. இப்ப பத்து நிமிஷம் ஆயிடுச்சு.”

“நிலவறையில பிள்ளைங்க செத்துட்டிருக்காங்க சார்.”

“அது எங்க ஆய்வு வரம்புல வராது மேடம்.”

அவர் குரலில் கோபமே இல்லை. ஹோட்டலில் பில்லைத் திருத்தச் சொல்பவர்போல் பேசினார்.

வளாக ஒலிபெருக்கி. முதல்வருக்குக் காற்று கிடைத்துவிட்டது போல. வாக்கியம் தடங்கலில்லாமல் வருகிறது:

“மாணவர்களே, கோபுரத்தில் ஒருவர் வேண்டுமென்றே கூரையைத் திறந்திருக்கிறார். ஐந்து நிமிடத்துக்குள் மூடினால் நமது சான்று பிழைக்கும். உங்கள் பட்டம் பிழைக்கும். கோபுரத்தின் கீழ்க்கதவு திறந்துவிடப்பட்டுள்ளது. உடல் வலுவுள்ளவர்கள் உடனே மேலே செல்லவும்.”

இன்று காலை இவர்கள் ஒருவராலும் ஒரு மாடி ஏற முடிந்திருக்காது. இப்போது கோபுரப் படி அதிர்கிறது.

மூன்றாம் நாள், மதியம் 12.18

மறுபடி ஏணியில் ஏறினேன். சக்கரத்தின் கைப்பிடியைக் கழற்றி, திறந்திருந்த மூடி வழியாக மதிலுக்கு அப்பால் எறிந்துவிட்டேன். கருவேலங்காட்டில் விழுந்தது. இனி நானே விரும்பினாலும் மூட முடியாது.

உள்தொடர்பு, கோபுரக் கீழ்வாசல்:

“மேடம், தமயந்தி. மேடம், ப்ளீஸ். மூடிருங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. சாக மாட்டோம்னு நீங்கதான சொன்னீங்க. நாங்க தாங்கிக்கிட்டோம்ல. இப்பப் போயி ஏன் மேடம்?”

“தமயந்தி, நிலவறை மண்டபத்துல ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு வகுப்பு மொத்தமும் கிடக்கு. மாடியில இருந்த உங்களுக்குத்தான் சாக மாட்டீங்கன்னு சொன்னேன். அவங்க என்ஜின் புகையில இருக்காங்க. அம்பதாயிரத்துக்கு மேல. உனக்கு மீட்டர் தெரியும். கணக்குப் போடு.”

பின்னால் ஆண்குரல்கள். ‘என்ன சொல்லுது, மூடுதா இல்லையா?’ பிறகு அவள் குரல், என்னிடம் இல்லை, யாரிடமோ: “எலே, வழிய விடுங்கலே.”

இணைப்பு அறுந்தது. கதவில் முதல் அடி விழுந்தது.

மூன்றாம் நாள், மதியம் 12.40

சாரநாதன் சொன்ன கால் மணி நேரம் முடிந்துவிட்டது. அவரிடமிருந்து ஒரு வரி மட்டும் வந்தது: ‘சான்று மறுக்கப்பட்டது.’ அறை மீட்டர் 9,800, இறங்குகிறது.

உள்தொடர்பு, நூலக வாசல். ஜன்னத் பீவி:

“மேடம், தமயந்தியும் நாலஞ்சு பிள்ளைங்களும் ஈரத்துணியக் கட்டிக்கிட்டு உள்ள எறங்கிட்டாவ. ஒண்ணொண்ணா இழுத்துட்டு வந்துட்டாவ. புல்லுல கெடத்தியிருக்கோம். இருமுதுங்க மேடம்! வாந்தி எடுக்குதுங்க. அல்லா, எல்லாம் மூச்சு விடுது.”

“எல்லாருமா? ஜன்னத், எண்ணிச் சொல்லுங்க. சுகந்தின்னு ஒரு பிள்ளை?”

“இந்தா உக்காந்திருக்கா மேடம். பேரு கேட்டா சொல்லுதா. ஆனா... எபனேசர் சாரு எந்திரிக்கல. கதவுகிட்டதான் கெடந்தாரு. ஒரு கை கதவு மேல. தள்ளியிருந்தா தெறந்திருக்கும் மேடம். பூட்டவே இல்ல. சாத்திதான் இருந்துச்சு.”

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு இணைப்பை வைத்தேன்.

எபனேசரைப் பற்றி முன்பு சொன்னதை அழிக்க மாட்டேன். பணிவானவர் என்றேன். உண்மைதான். கடைசிவரை பிள்ளைகளை விட்டுப் போகாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே மனிதர்தான். அவருக்கு விருது கொடுத்தவர்கள் மாளிகையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள், மதியம் 12.55

வளாக ஒலிபெருக்கி, தாளாளர். இந்த முறை அவரே:

“எலே பிள்ளைகளா, நல்லாக் கேட்டுக்கோங்க. ஒங்க நாலு வருசப் படிப்பு போச்சு. ஒங்க வேலை போச்சு. ஒங்க அம்மா அப்பன் பட்ட பாடு போச்சு. எல்லாத்தையும் கெடுத்தது மேல இருக்க அந்தப் பொம்பளை. நான் என்னடே செய்ய முடியும்? நீங்களே அவகிட்டக் கேளுங்க.”

நிலவறை பற்றி ஒரு வார்த்தை இல்லை. எபனேசர் பற்றி இல்லை. மைக்கை அணைக்க மறந்துவிட்டார். “அந்த ஏசியக் கொஞ்சம் கூட்டி வையி” என்று யாரிடமோ சொல்வது வளாகம் முழுக்கக் கேட்டது. கேட்டவர்களுக்கு அது உறைக்கவில்லை.

படி நிறைய ஆட்கள். கதவிலுள்ள கண்ணாடிச் சந்து வழியாகத் தெரிகிறது. நேற்று ஜன்னத் மோர் கொடுத்தவர்கள். முந்தாநாள் யோகா செய்தவர்கள். சிலர் அழுகிறார்கள். இரண்டு பேர் பெஞ்சைத் தூக்கி வந்து கதவில் இடிக்கிறார்கள். மூடுவதற்கு இனி எதுவும் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். வேறு எதற்கோ வருகிறார்கள்.

உள்தொடர்பு, நூலக வாசல். தமயந்தி, இளைக்க இளைக்க:

“மேடம், கதவத் திறக்காதீங்க. நாங்க வாறோம். இங்க ஆம்புலன்ஸ் வந்திருச்சு, நாங்க வாறோம். திறந்துராதீங்க மேடம்.”

வரட்டும். தூரம் அதிகம், படி அதிகம்.

அறை மீட்டர் 3,100. இறங்குகிறது. மூடி திறந்திருக்கிறது. இதைக் கேட்பவர் யாராக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்: திறந்தே இருக்கிறது.

என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். முந்நூறு தொண்டை இருக்கும். எவ்வளவு சத்தம். எவ்வளவு கெட்ட வார்த்தை, ஒரே மூச்சில், இடையில் திணறாமல், இருமாமல். நல்ல நுரையீரல்கள். எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன.

கதவின் மேல்கீல் கழன்றுவிட்டது. கீழ்க்கீல்